ஓடுதுல்ல, அப்புறம் என்ன?

டீசல் தீர்ந்துபோய் ரோட்டோரம் நிற்கிற லாரியை நீங்க எல்லாருமே பார்த்திருப்பீங்க. கேன்ல டீசல் வாங்கிட்டு வந்து ஊத்தினதும் வண்டி கிளம்பிடாது. டிரைவரோ கிளீனரோ ஸ்பேனரோட கீழே இறங்குவார். ஃபில்டர் மேல இருக்கிற சின்ன ஸ்க்ரூவை லூஸ் பண்ணிட்டு, கை பம்பை டக்கு டக்குன்னு அமுக்குவார். முதல்ல நுரையா வரும். அப்புறம் முட்டை முட்டையா வரும். கடைசியில சுத்தமா டீசல் மட்டும் வரும். அப்பதான் ஸ்க்ரூவை இறுக்குவார். இதுக்குப் பேரு ஏர் எடுக்கிறது. லாரியில ஏறி பத்தே நாள் ஆன கிளீனருக்குக்கூட இது அத்துப்படி.

இதே லாரிக்கு ரேடியேட்டர் தண்ணி மாத்தும்போது யாராச்சும் இவ்வளவு பொறுமையா ஏர் எடுத்துப் பார்த்திருக்கீங்களா? நான் ஒரே ஒரு ஆள்கிட்டதான் பார்த்தேன். அவர் கதை பின்னாடி வருது.

ஏன் யாரும் எடுக்கிறதில்லை? காரணம் ரொம்ப சிம்பிள். டீசல் லைன்ல காத்து இருந்தா வண்டி ஸ்டார்ட் ஆகாது. தண்ணி லைன்ல காத்து இருந்தா ஸ்டார்ட் ஆகும், ஓடும், லோடு ஏத்திக்கிட்டு ஊரை விட்டு வெளியேயும் போகும். பட்டறை வாசல்ல நிக்க வேண்டிய வண்டி, மேட்டுல போய் நிக்கும்.

இன்னைக்குப் பதிவு இதைப் பத்தித்தான். "லாரி, ரேடியேட்டர்னு மொக்கை போடப் போறான்"னு நினைக்கிறவங்க இப்பவே அப்பீட் ஆகிக்கலாம் :) மத்தவங்க வாங்க.

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன். எங்க சித்தப்பாவுக்கு நாமக்கல்ல ரெண்டு லாரி. ரெண்டுல பழைய வண்டிக்கு வாட்டர் பம்ப் ஒழுகுதுன்னு ஒரு ஒர்க்‌ஷாப்ல விட்டாங்க. பம்ப் புதுசு, மேல கீழ ரெண்டு ஹோஸும் புதுசு, கூலன்ட்டும் புதுசு. காலையில விட்ட வண்டி சாயந்திரம் வெளியே வந்துருச்சு. அன்னைக்கு ராத்திரியே லோடு ஏத்தி பெங்களூருக்குக் கிளம்பியாச்சு.

சேலம் தாண்டி தர்மபுரி போற வழியில தொப்பூர் கணவாய் இருக்கு. அந்தப் பக்கம் இருந்து இறங்கும்போது பிரேக் பிடிக்காம நடந்த விபத்துகளைத்தான் பேப்பர்ல படிச்சிருப்பீங்க. இந்தப் பக்கம் இருந்து போறவங்களுக்கு அது ஏத்தம். முழு லோடோட, கியரைக் குறைச்சு, நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு ஏறணும். எஞ்சின் அதிகமா சூடாகிற இடம் அது. காத்தடிச்சு ஆறுறதுக்கு வண்டியில வேகமும் இருக்காது.

டிரைவர் அண்ணன் அனுபவசாலி. இருபது வருஷத்துக்கு மேல ஸ்டியரிங் பிடிச்சவர். மேடு ஏறும்போது டெம்பரேச்சர் முள்ளைப் பார்த்துக்கிட்டே வந்திருக்கார். முள்ளு பாதிக்கும் கீழே நின்னிருக்கு. பாதி மேட்டுல அது இன்னும் கொஞ்சம் இறங்கியிருக்கு. நல்லதுதானேன்னு நினைச்சிருக்கார். அடுத்த சில நிமிஷத்துல ஒரு மாதிரி வாடை, இழுவை குறைஞ்சுது, அப்புறம் கேபினுக்கு முன்னாடி வெள்ளையா ஆவி. உடனே ஓரம் கட்டி ஆஃப் பண்ணிட்டார். பதட்டத்துல பச்சைத்தண்ணியை மொண்டு ஊத்தலை, அதுவே பெரிய விஷயம். ஆனா அதுக்குள்ள ஹெட் கேஸ்கெட் போயிருச்சு. எஞ்சின் ஆயிலைத் திறந்து பார்த்தா பால் கலந்த காப்பி மாதிரி இருந்துது. ஹெட் வேற வளைஞ்சிருந்துது.

லோடை வேற வண்டிக்கு மாத்தின செலவு, வண்டியைக் கட்டி இழுத்து வந்த செலவு, ஹெட்டை லேத்துல கொடுத்த செலவு, எட்டு நாள் வண்டி நின்ன நஷ்டம், எல்லாம் சேர்த்து எண்பதாயிரத்துக்குப் பக்கம்.

அந்த ஒர்க்‌ஷாப்காரரைக் கேட்டப்ப அவர் சொன்னது: "நாங்க குடுக்கையில வண்டி நல்லாத்தானுங்க ஓடிச்சு. டிரைவர் தண்ணி பார்த்திருக்க மாட்டாருங்க."

சித்தப்பா அதை நம்பிட்டார். மாசா மாசம் சம்பளத்துல அஞ்சாயிரம் பிடிக்கிறதுன்னு முடிவு. டிரைவர் அண்ணன், "கெளம்பறப்ப டேங்க்கைப் பார்த்தனுங்க, கோடு வரைக்கும் இருந்துச்சுங்க"ன்னு திரும்பத் திரும்பச் சொன்னார். யாரும் காதுல போட்டுக்கலை. வீட்டுல கல்யாண வயசுல பொண்ணு இருக்கிற மனுஷன். ரெண்டாவது நாள் சாவியைக் கொண்டுவந்து திண்ணையில வெச்சுட்டு, "நான் வேற வண்டி பார்த்துக்கறனுங்க"ன்னுட்டார்.

அந்த சமயத்துல நான் பொங்கல் லீவுல ஊர்ல இருந்தேன். நான் மெக்கானிக்கல் படிச்சவன். தெர்மோடைனமிக்ஸ், ஹீட் ட்ரான்ஸ்ஃபர், ஐ.சி. எஞ்சின் எல்லாத்துலயும் பாஸ் பண்ணிட்டு இப்ப பொட்டி தட்டிக்கிட்டு இருக்கேன். சித்தப்பா என்னைப் பார்த்து, "ஏன் கண்ணு, நீ படிச்சதுதானே இது? டேங்க்ல தண்ணி நெறைய இருக்கையில எஞ்சின் எப்படி வேகும்?"னு கேட்டார். நானும் "அதானே"ன்னேன். அவ்வ்வ்வ்.

பதில் சொன்னது, ரேடியேட்டரைக் கழுவக் கொடுத்த பட்டறைப் பெரியவர். அவர் எஞ்சினைக்கூடப் பார்க்கலை. டிரைவர் அண்ணனை வரச்சொல்லி ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"எவ்வளவு எறங்குச்சு, எவ்வளவு ஏறுச்சு?"

"எறங்குனது தெரியலீங்க. அஞ்சு லிட்டர் கேன் மூணு ஊத்துனாங்க. மூணாவதுல கொஞ்சம் மிச்சம் இருந்துச்சு. டேங்க் நெறஞ்சிருச்சுங்க."

"இந்த வண்டிக்கு இருவது லிட்டருக்கு மேல போவணும் சாமி. மிச்ச எடத்துல என்ன இருந்துச்சுங்கறே?"

யாரும் பேசலை. மிச்ச இடத்துல காத்துதான் இருந்துது. அதைத் தவிர அங்கே போறதுக்கு வேற ஒண்ணும் இல்லை.

இப்ப கொஞ்சம் வாத்தியார் வேலை. பொறுத்துக்கோங்க.

எரியுற டீசல்ல இருந்து வர்ற சக்தியை மூணு பங்கா பிரிச்சா, தோராயமா ஒரு பங்குதான் சக்கரத்துக்குப் போற வேலை. இன்னொரு பங்கு புகையோட போயிடுது. மிச்சத்துல பெரும்பகுதியை கூலன்ட் சுமந்துகிட்டுப் போய் ரேடியேட்டர்ல கொட்டணும். சிலிண்டருக்குள்ள எரியுற தீயோட சூடு 2,000 டிகிரிக்குப் பக்கம். அதுக்கும் கூலன்ட்டுக்கும் நடுவுல சில மில்லிமீட்டர் இரும்புதான் இருக்கு. அந்த இரும்பு உருகாம, வளையாம இருக்கிறதுக்கு ஒரே காரணம், அதோட இன்னொரு பக்கத்தை தண்ணி விடாம நனைச்சுக்கிட்டே இருக்கிறதுதான்.

அந்த இடத்துல தண்ணிக்குப் பதிலா காத்து இருந்தா? ஒரு லிட்டர் தண்ணி ஒரு டிகிரி ஏறுறதுக்குள்ள வாங்கிக்கிற சூட்டையும், ஒரு லிட்டர் காத்து வாங்கிக்கிற சூட்டையும் ஒப்பிட்டா, தண்ணி சுமார் 3,500 மடங்கு அதிகம். சூட்டைக் கடத்துறதுலயும் தண்ணி இருபது மடங்குக்கு மேல. அதாவது காத்து உட்கார்ந்திருக்கிற இடம், போர்வை போர்த்தின இடம் மாதிரி.

அந்தக் காத்து எங்கே போய் உட்காரும்? இருக்கிறதுலயே உசரமான இடத்துல. எஞ்சின்ல உசரமான இடம் சிலிண்டர் ஹெட். எஞ்சின்ல அதிகமா சூடாகிற இடமும் அந்த ஹெட்தான், எக்ஸாஸ்ட் வால்வுகளைச் சுத்தி. எது ரொம்ப நனையணுமோ அதுதான் நனையாமக் கிடக்கும்.

அடுத்தது தெர்மோஸ்டாட். எஞ்சினுக்கும் ரேடியேட்டருக்கும் நடுவுல இருக்கிற வாசக்கதவு அது. உள்ளே ஒரு சின்ன மெழுகு உருண்டை. பல லாரி எஞ்சின்கள்ல 80 டிகிரி தாண்டினதும் மெழுகு உருகி விரிஞ்சு கதவைத் திறக்கும். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது நாம தண்ணி ஊத்தினா கதவு மூடியிருக்கும். உள்ளே இருக்கிற காத்து அது வழியா வெளியே வரமுடியாது. அதனாலதான் நல்ல தெர்மோஸ்டாட் தட்டுல ஒரு பொடி ஓட்டை இருக்கும், சிலதுல ஆடுற மாதிரி ஒரு குட்டி ஆணியும் இருக்கும். அந்த ஓட்டை மேல்பக்கமா வர்ற மாதிரி மாட்டணும். அது வழியாத்தான் காத்து மெதுவா கசிஞ்சு வரும். கவனிங்க, மெதுவா. கேனைக் கவுத்து மடமடன்னு ஊத்தினா டேங்க் நெறையும், எஞ்சின் நெறையாது. பாட்டில் வாயில புனல் வெச்சு வேகமா எண்ணெய் ஊத்தினா என்ன ஆகும்? அதே கதைதான்.

வாட்டர் பம்ப் அதைத் தள்ளிவிட்டுராதான்னு கேட்கலாம். தள்ளாது. அது தண்ணியைச் சுழற்றி ஓரத்துக்கு வீசுற பம்ப். கனமான தண்ணி ஓரத்துக்குப் போகும், எடையில்லாத காத்து நடுவுல தேங்கும். காத்து அதிகமா தேங்கினா பம்ப் சும்மா சுத்திக்கிட்டே இருக்கும், தண்ணி நகராது. கிணத்து மோட்டார் காத்து வாங்கினா என்ன ஆகும்னு ஊர்ல எல்லாருக்கும் தெரியும்.

கடைசியா அந்த முள்ளு. டெம்பரேச்சர் சென்சார் அளக்கிறது இரும்போட சூட்டை இல்லை, அதை நனைக்கிற தண்ணியோட சூட்டை. சென்சார் முனையில தண்ணி இல்லாம காத்து இருந்தா, முள்ளு குறைச்சுத்தான் காட்டும், இல்லைன்னா ரொம்ப லேட்டா ஏறும். டிரைவர் அண்ணன் மேட்டுல பார்த்தது அதைத்தான். தண்ணி விலகினதால முள்ளு இறங்கிச்சு. அவர் அதை எஞ்சின் ஆறுதுன்னு எடுத்துக்கிட்டார். அவர் இடத்துல நான் இருந்திருந்தாலும் அப்படித்தான் நினைச்சிருப்பேன்.

என்னோட கருத்து இதுதான்: தண்ணி மாத்தின வண்டியில ஏர் எடுக்காம வெளியே விடுறது வேலையை முடிக்காம விடுறது. அது டிரைவர் தப்பு இல்லை. வேலை செஞ்சவங்க தப்பு, அவசரப்படுத்தின ஓனர் தப்பு. ஆனா காசு மட்டும் எப்பவும் டிரைவர் பாக்கெட்ல இருந்துதான் போகுது.

இதுக்கு எதிரா மூணு வாதம் வரும். மூணையும் நான் நேர்லயே கேட்டேன்.

முதல் வாதம்: "அந்தக் காலத்துல யாரு ஏர் எடுத்தா?" இதுல நியாயம் இருக்கு. மூக்கு நீண்ட பழைய லாரிகளை நினைச்சுப் பாருங்க. ரேடியேட்டர் நெட்டுக்குத்தா உசரமா நிக்கும். அதோட மேல் டேங்க்தான் மொத்த சிஸ்டத்துலயும் உசரமான இடம். காத்து தானே மேல வந்து மூடி வழியா போயிடும். இப்ப உள்ள வண்டிகள்ல அப்படி இல்லை. ரேடியேட்டர் தாழ்வா இருக்கு, டேங்க் தனியா வேற இடத்துல இருக்கு, நடுவுல ஏகப்பட்ட கிளை. பிரேக்குக்கு காத்து கொடுக்கிற கம்ப்ரெசருக்கு ஒரு கிளை, ஆயில் கூலருக்கு ஒண்ணு. 2017 ஏப்ரல்ல நாடு முழுக்க பி.எஸ். 4 வந்துது, 2020 ஏப்ரல்ல பி.எஸ். 6 வந்துது. புகையைக் குறைக்கிறதுக்காக பல எஞ்சின்கள்ல ஈ.ஜி.ஆர். கூலர்னு ஒண்ணு இருக்கு. பல நூறு டிகிரி சூட்டுல வர்ற புகையை அதே கூலன்ட்தான் ஆத்தணும். ஒவ்வொரு வளைவும் காத்து ஒளிஞ்சுக்கிற ஒரு மூலை. தாத்தா காலத்துப் பழக்கம் தாத்தா காலத்து வண்டிக்குச் சரி.

ரெண்டாவது வாதம்: "அதுக்குத்தான் எக்ஸ்பான்ஷன் டேங்க் இருக்கே, தானா ஏர் போயிடும்." இதுவும் பாதி உண்மை. எஞ்சின் மேல இருந்தும் ரேடியேட்டர் மேல இருந்தும் பொடி ஹோஸ்கள் டேங்க்குக்கு வரும். அது வழியா காத்து டேங்க்குக்கு வந்து பிரியும். டேங்க் அடியில இருந்து இன்னொரு ஹோஸ் பம்ப் வாய்க்குப் போய், காலியான இடத்துக்குத் தண்ணி கொடுக்கும். அருமையான ஏற்பாடுதான். ஆனா அது ஓட்டத்துல சேர்ற கொஞ்சநஞ்சம் காத்தை எடுக்கிறதுக்கான ஏற்பாடு. மொத்தமா காலி பண்ணி நெறைக்கும்போது தங்குற அஞ்சு லிட்டரை மேடு ஏறுறதுக்குள்ள எடுத்துடும்னு நம்புறது ஆபத்து. அந்தப் பொடி ஹோஸ் உப்பு படிஞ்சு அடைச்சிருந்தா சுத்தம், ஒண்ணுமே வராது. போர் தண்ணியை ஊத்தியே ஓட்டுற நம்ம ஊர்ல அது அடைச்சுக்க ரொம்ப நாள் ஆகாது. இன்னொண்ணு, டேங்க் மேல்பாதியில இருக்கிற காத்து இருக்க வேண்டிய காத்து. சூட்டுல தண்ணி விரியறதுக்கு அந்த இடம் வேணும். ஹெட்ல இருக்கிறதுதான் இருக்கக் கூடாத காத்து. ரெண்டையும் குழப்பிக்கிட்டு டேங்க்கை வாய் வரைக்கும் நெறைக்கிறவங்களும் உண்டு.

மூணாவது வாதம்: "அதுக்கெல்லாம் எங்கே நேரம்?" இதுதான் உண்மையான வாதம், மத்த ரெண்டும் சாக்கு. ஒழுங்கா ஏர் எடுக்க ஒரு மணி நேரம் ஆகும், எஞ்சின் ஆறி மறுபடி பார்க்கிறதையும் சேர்த்தா அரை நாள். பில்லுல பம்ப்புக்கு ஒரு வரி இருக்கு, ஹோஸுக்கு ஒரு வரி இருக்கு, ஏர் எடுத்த கூலிக்கு வரி கிடையாது. காசு வராத வேலையை எந்தப் பட்டறையும் செய்யாது. லோடு காத்துக்கிட்டிருக்குன்னு ஓனர் வேற பத்து தடவை போன் பண்ணுவார். அரை நாளை மிச்சம் பிடிச்சு எட்டு நாளைத் தொலைச்சது எங்க சித்தப்பா கணக்கு.

நம்ம தொழிலும் இதே லட்சணம்தான்னு சக பொட்டிதட்டிகளுக்குச் சொல்லவே வேணாம். கம்பைல் ஆகலைன்னா ராத்திரி முழுக்க உட்கார்ந்து சரி பண்ணுவோம். ஓடிருச்சுன்னா, "ஓடுதுல்ல, அப்புறம் என்ன"ன்னு வீட்டுக்குக் கிளம்பிடுவோம். மேட்டுல ஏறும்போதுதான் தெரியும். ராத்திரி ரெண்டு மணிக்கு போன் எடுக்கிற சப்போர்ட் பையன்தான் அங்கே டிரைவர்.

இன்னொரு பெரிய கூத்து இருக்கு. வண்டி சூடாகுதுன்னா முதல் வைத்தியமா தெர்மோஸ்டாட்டைப் பிடுங்கி எறியறது. "நம்ம ஊரு வெயிலுக்கு அது எதுக்குங்க?" இந்தக் கேள்வியை நீங்களும் கேட்டிருப்பீங்க. பல எஞ்சின்கள்ல தெர்மோஸ்டாட் ரெண்டு வேலை பார்க்குது. ரேடியேட்டர் வழியைத் திறக்கும்போதே, தண்ணி ரேடியேட்டருக்குப் போகாம எஞ்சினுக்குள்ளயே சுத்துற குறுக்குவழியை மூடும். அதைப் பிடுங்கிட்டா குறுக்குவழி எப்பவும் திறந்தே இருக்கும். ஒரு பகுதி தண்ணி ஆறாமலே திரும்பும். மேட்டுல சூடு கூடத்தான் செய்யும். சமவெளியில வெத்து வண்டியா போகும்போது எஞ்சின் தேவையான சூட்டுக்கே வராது. டீசல் சரியா எரியாது, மைலேஜ் போகும், தேய்மானம் கூடும். காத்து செஞ்ச தப்புக்கு தெர்மோஸ்டாட்டுக்குத் தண்டனை. இதுவும் டிரைவர் கதை மாதிரிதான்.

சரி, ஏர் எப்படி எடுக்கணும்? பெரியவர் செஞ்சதை நான் பக்கத்துல நின்னு பார்த்ததை எழுதுறேன். உங்க வண்டிக்கு மேனுவல் இருந்தா அதுல சொன்னதுதான் முதல்ல.

1. எஞ்சின் நல்லா ஆறின பிறகுதான் மூடியில கை வைக்கணும். மூடி 1 பார் அழுத்தத்தைக் கூடுதலா பிடிச்சு வெச்சிருந்தா, உள்ளே தண்ணி 120 டிகிரி வரைக்கும் கொதிக்காம இருக்கும். திறந்த அந்த நொடியில பொங்கி முகத்துல அடிக்கும். இதுல மட்டும் விளையாட்டே வேணாம்.

2. இறக்குற தண்ணியை ஒரு டிரம்ல பிடிச்சு அளக்கணும். ரேடியேட்டர் அடியில திறந்தா மட்டும் போதாது, எஞ்சின் பிளாக்லயும் ஒரு திருகு இருக்கும். எவ்வளவு இறங்குதோ அவ்வளவு திரும்ப ஏறணும். ஏறலைன்னா மிச்சம் காத்து.

3. ஊத்துற வாய் மொத்த சிஸ்டத்துலயும் உசரமா இருக்கணும். தேவைப்பட்டா வண்டியைச் சரிவுல நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை போடணும்.

4. மேல இருக்கிற ஏர் ஸ்க்ரூக்களைத் திறந்து வைக்கணும். ஹீட்டர் இருக்கிற வண்டின்னா அதோட வால்வையும் முழுசா திறக்கணும். இல்லைன்னா அந்தக் கிளை நெறையாது.

5. மெதுவா ஊத்தணும். நடுவுல நிறுத்தி ரெண்டு மூணு நிமிஷம் விடணும். மேல் ஹோஸைக் கையால அமுக்கி அமுக்கி விட்டா முட்டை முட்டையா வரும். ஸ்க்ரூ வழியா நுரையில்லாம தண்ணி வந்ததும் மூடணும். டீசல் லைன்ல செய்யறதேதான், வித்தியாசமே இல்லை.

6. அப்புறம் ஸ்டார்ட் பண்ணி ஐட்லிங்ல விடணும். மேல் ஹோஸ் சூடானா கதவு திறந்துருச்சுன்னு அர்த்தம். அப்ப டேங்க்ல தண்ணி சட்டுன்னு இறங்கும். இந்த இறக்கத்தைப் பார்க்காம கிளம்பினதுதான் எங்க வண்டி. ஆக்சிலேட்டரை லேசா ஏத்தி, குறையுறதை ஊத்தி, மூடியைப் போடணும். அப்ப முகத்தை நீட்டி டேங்க்குக்குள்ள எட்டிப் பார்க்கிற வேலை வேணாம்.

7. ஒரு சின்ன ஓட்டம். திரும்பி வந்து முழுசா ஆறவிட்டு, மறுபடி பார்க்கணும். மறுநாள் காலையில இன்னொரு தடவை. இந்த ஏழாவதைத்தான் யாரும் செய்யறதே இல்லை.

பெரிய பட்டறைகள்ல இதுக்கு ஒரு கருவியும் இருக்கு. கம்ப்ரெசர் காத்தை வெச்சே சிஸ்டத்துல இருக்கிற காத்தை உறிஞ்சி எடுத்துட்டு, அந்த வெறுமைக்குள்ள கூலன்ட்டை இழுக்க விடும். லாரிப் பட்டறையில கம்ப்ரெசர் இல்லாத இடமே கிடையாது. ஆனா அந்தக் கருவியை வாங்கி வெச்சிருக்கிறவங்களை நான் இன்னும் பார்க்கலை.

இவ்வளவு பண்ணியும் டேங்க்ல முட்டை வந்துக்கிட்டே இருந்தா, காத்து புதுசா உள்ளே வருதுன்னு அர்த்தம். ஹெட் கேஸ்கெட் லேசா போயிருந்தா எரிஞ்ச வாயு தண்ணிக்குள்ள வரும். லாரிகளுக்குன்னே இன்னொரு வழியும் இருக்கு: பிரேக் கம்ப்ரெசரோட ஹெட் கேஸ்கெட். அதையும் கூலன்ட்தான் ஆத்துது. அந்த கேஸ்கெட் போனா கம்ப்ரெசர் நேரா தண்ணி லைனுக்குள்ளயே காத்தடிக்கும். இதைப் பார்க்காம எஞ்சின் ஹெட்டைக் கழட்டினா, ஒரு சின்ன கேஸ்கெட்டுக்காக மொத்த எஞ்சினையும் பிரிச்ச கதையாயிடும்.

கடைசியா மூணு பேருக்கு மூணு வேண்டுகோள்.

பட்டறை வெச்சிருக்கிறவங்களுக்கு: ஏர் எடுக்கிறதுக்குத் தனியா கூலி போடுங்க. பில்லுல "இறங்கியது இத்தனை லிட்டர், ஏறியது இத்தனை லிட்டர்"னு எழுதுங்க. கொடுக்க மாட்டேன்கிறவங்க வண்டியை வாங்காதீங்க.

ஓனர்களுக்கு: அந்த ரெண்டு எண்ணையும் கேளுங்க. வேற எதுவும் தெரிஞ்சிருக்க வேணாம். கழித்தல் கணக்கு தெரிஞ்சா போதும். தண்ணி வேலை பார்த்த அன்னைக்கு ராத்திரியே மேட்டுக்கு லோடு ஒத்துக்காதீங்க. ஹெட் போச்சுன்னா டிரைவர் சம்பளத்துல கை வைக்கிறதுக்கு முன்னாடி அந்த பில்லை எடுத்துப் பாருங்க.

டிரைவர் அண்ணன்களுக்கு: முள்ளு ஏறினா மட்டும் இல்லை, லோடோட மேடு ஏறும்போது காரணமில்லாம இறங்கினாலும் நிறுத்துங்க. தண்ணி வேலை பார்த்த வண்டின்னா கண்டிப்பா நிறுத்துங்க.

எங்க வீட்டுக் கதை எப்படி முடிஞ்சுதுன்னு கேட்கிறீங்களா? பெரியவர் சொன்ன பிறகு சித்தப்பா சம்பளத்துல பிடிக்கலை. ஒர்க்‌ஷாப்காரர் ஒத்துக்கவும் இல்லை, ஒரு ரூபா கொடுக்கவும் இல்லை. சித்தப்பா டிரைவர் அண்ணன்கிட்ட மன்னிப்பெல்லாம் கேட்கலை, அந்த வழக்கம் எங்க வீட்டு ஆம்பளைங்களுக்குக் கிடையாது. வண்டி ரெடியானதும் அவர் வீட்டுக்கே போய் சாவியை நீட்டினார். அண்ணன் ரெண்டு நாள் யோசிச்சுட்டு வாங்கிக்கிட்டார்.

போன மாசம் அடுத்த வண்டிக்குத் தண்ணி மாத்தினாங்களாம். டிரம்ல லிட்டர் கோடு போட்டு வெச்சுக்கிட்டு சித்தப்பா பக்கத்துலயே நின்னாராம். பத்தொன்பதரை இறங்கி, பத்தொன்பதுதான் ஏறிச்சாம். "அந்த அரை எங்கே போச்சு"ன்னு கேட்டு ராத்திரி வரைக்கும் வண்டியை எடுக்க விடலையாம். டிரைவர் அண்ணன்தான் போன் பண்ணி சிரிச்சுக்கிட்டே சொன்னார். "ஓனரு இப்ப நம்மள விட மோசங் தம்பி."

பி.கு. 1: உங்க ஊர்ல ரேடியேட்டர் தண்ணிக்கு ஏர் எடுக்கிற பழக்கம் இருக்கா, அதுக்கு என்ன பேர் சொல்றாங்கன்னு பின்னூட்டத்துல எழுதுங்க.

பி.கு. 2: "மெக்கானிக்கல் படிச்சும் இது தெரியலையா"ன்னு கும்மி அடிக்க வர்றவங்களுக்கு: ஆமா, தெரியலை. அதுக்குத்தான் இந்தப் பதிவே :)